மலை ஏறினால் மோட்டாருக்கும் மூச்சு வாங்கும்!

புதுக்கோட்டைச் சீமையில் மலைக்குப் பஞ்சமே கிடையாது. நார்த்தாமலை, குடுமியான்மலை, விராலிமலை என்று ஊர்ப் பெயரிலேயே மலையை வைத்துக் கொண்டிருக்கிறோம். திருமயத்திலே மலைமேல் கோட்டையே இருக்கிறது. ஆனால், உள்ளதைச் சொன்னால் கோபித்துக் கொள்ளக் கூடாது. இவையெல்லாம் ஒரு தம்ளர் பானகம் குடித்துவிட்டுக் குழந்தைகளும் ஏறி இறங்கிவிடக்கூடிய பாறைகள். மோட்டாரை ஓட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஏறிக்கொண்டே இருக்கும்படியான மலை ஒன்றுகூட ஜில்லாவுக்குள் கிடையாது. கிழக்கே கோட்டைப்பட்டினத்தில் கடல். புதுக்கோட்டை நகரமோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, நம் ஊர்க் கார் பிறந்ததிலிருந்து தட்டைத் தரையிலேயே வளர்ந்த பிள்ளை.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போது இந்தப் பிள்ளையைத்தான் நாம் கோடைக்கானலுக்கு அழைத்துக்கொண்டு போகிறோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், மடியில் ஒரு குழந்தை, டிக்கியில் புளியோதரைத் தூக்கு, கம்பளி மூட்டை, அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி! வத்தலக்குண்டு வரைக்கும் சிட்டாகப் பறந்த வண்டி, மலைப் பாதையில் பத்தாவது வளைவு திரும்பியதும் முனக ஆரம்பிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதே தவிர, வேகம் வரக் காணோம்.

“வண்டி ஏன் இப்படி இழுக்குது? புது வண்டிதானேங்க?” என்று வீட்டுக்கார அம்மாள் கேட்கிறாள்.

“பெட்ரோல் சரியில்லை. கலப்படம்!” என்று எஜமானர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

பாவம், பெட்ரோல்! பெரும்பாலான சமயங்களில் அதன் பேரில் குற்றமே கிடையாது. குற்றவாளிகள் இரண்டு பேர். ஒருவர், மேலே போகப்போக மெலிந்து போகும் காற்று. மற்றவர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்!

ஆணி பொறுக்கிய காலம்

மோட்டார் என்பது புதுக்கோட்டைக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1912-ஆம் ஆண்டை ஒட்டி, தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி. 1948-ஆம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி அது இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதி ஆயிற்று. 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கலோடு பொங்கலாக, தனி மாவட்டமாயிற்று.

அந்த நாளையச் சாலையில் பஸ்ஸுக்குப் பெரிய விரோதி மாட்டு லாடத்து ஆணி. வண்டி மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தன. டி.வி.எஸ். கம்பெனியார் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் அனுப்பி, சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிவிட்டுப் பிறகு பஸ்ஸை விட்டார்கள் என்று சொல்வார்கள். பஸ் வருகிற நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. வண்டியின் ஆயுள் அதை ஓட்டுகிற விதத்திலும் பராமரிக்கிற விதத்திலும் இருக்கிறது என்ற பாடத்தை அந்தக் காலத்தவர் நன்றாகவே படித்திருந்தார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது அதே கம்பெனியார் ‘டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்’ என்ற சாதனத்தைச் செய்து கொடுத்தார்கள். பஸ்ஸின் பின்பக்கம் ஓர் உருளை அடுப்பு. அதிலே கரியைப் போட்டு மூட்டி, வருகிற வாயுவை எஞ்சினுக்குள் விட்டு வண்டியை ஓட்டினார்கள். வண்டி ஓடியது வாஸ்தவம். ஆனால் கரி வாயுவுக்குப் பெட்ரோலின் பலம் கிடையாது. சமதரையில் சமாளித்த பஸ், சின்ன மேடு வந்தாலும் மூச்சுத் திணறியது. “எல்லோரும் கொஞ்சம் இறங்கித் தள்ளுங்கோ, ஸார்!” என்று கண்டக்டர் கெஞ்சிய கதைகளை நம் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

எஞ்சினுக்குள் போகிற ஆகாரம் மெலிந்தால் பலமும் மெலியும். கரி வாயுவில் மெலிந்தது எரிபொருள். மலையிலே மெலிவது காற்று. விஷயம் அவ்வளவுதான்!

பெட்ரோலைவிடக் காற்றை அதிகம் தின்னும் பிராணி

மோட்டார் பெட்ரோலில் ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். பாதிதான் சரி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு அதைப்போல் ஏறக்குறைய பதினைந்து பங்கு எடையுள்ள காற்று வேண்டும். கணக்காகச் சொன்னால் 14.7 பங்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய, நம் ஊர்க் காற்றில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தேவைப்படுகிறது! பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டு உள்ளே எஞ்சினை ஓட்டுவதாகக் கற்பனை செய்து பாருங்கள். மூன்று லிட்டர் பெட்ரோல் செலவாவதற்குள் அறைக் காற்று முழுவதையும் அது குடித்துத் தீர்த்துவிடும். (கற்பனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுவது உயிருக்கே ஆபத்து. அதன் புகையில் வாசனையே இல்லாத விஷ வாயு இருக்கிறது.)

எஞ்சின் எப்படிக் காற்றை இழுக்கிறது? டாக்டர் ஊசி போடும்போது மருந்தை உறிஞ்சுகிறாரே, அதே மாதிரிதான். ஸிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்குகிறது. காற்று உள்ளே வருகிறது. 1,200 ஸி.ஸி. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், அந்த ஒரு நிமிஷத்தில் அது இழுக்கக்கூடிய இடம் 1,800 லிட்டர். புதுக்கோட்டையிலும் 1,800 லிட்டர்தான். கோடைக்கானலிலும் 1,800 லிட்டர்தான். அளவு மாறுவதில்லை. ஆனால் அந்த 1,800 லிட்டருக்குள் இருக்கிற சரக்கு மாறிவிடுகிறது! படி ஒன்றுதான், ஊரில் தலை தட்டி அளந்தார்கள், மலையில் குறைத்து அளக்கிறார்கள்.

பாதரசம் ஏறிய மலை

காற்றுக்கு எடை உண்டு என்பதையும், உயரே போனால் அதன் அழுத்தம் குறையும் என்பதையும் மனிதன் கண்டுபிடித்த கதை ருசிகரமானது. 1643-இல் இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் பாதரசக் குழாயைக் கொண்டு காற்றின் அழுத்தத்தை அளக்க வழி காட்டினார். பிரான்ஸ் தேசத்து பாஸ்கல் என்ற மேதைக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது: “இந்தக் குழாயை மலை உச்சிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்?”

அவருக்கு உடம்பு திடமில்லை. தம் சகோதரியின் கணவரான பெரியே என்பவரை ஏவினார். 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி, பெரியே பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு ‘ப்யூய் த டோம்’ என்ற மலையில் ஏறினார். அடிவாரத்தில் ஒரு குழாயையும் அதைக் காவல் காக்க ஓர் ஆளையும் வைத்துவிட்டுப் போனார். உச்சியில் பாதரசம் ஏறக்குறைய மூன்று அங்குலம் இறங்கியிருந்தது! அடிவாரத்துக் குழாயோ அசையவே இல்லை. மைத்துனர் சொன்னார் என்பதற்காக மலை ஏறிய அந்த மனிதரால் உலகத்துக்கு ஓர் உண்மை கிடைத்தது.

அந்த உண்மையைக் கொண்டு நம் கோடைக்கானலுக்குக் கணக்குப் போடுவோம். ஊர் சுமார் 7,000 அடி, அதாவது 2,130 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். மலைக் காற்றின் குளிர்ச்சி நமக்கு ஓர் உதவி செய்கிறது. குளிர்ந்த காற்று நெருக்கமானது. அதையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சினுக்குக் கிடைக்கிற காற்று நூற்றுக்கு எண்பது பங்கை ஒட்டி நிற்கிறது. எனவே பலமும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஆயிரம் அடி ஏறினால் நூற்றுக்கு மூன்று பங்கு பலம் போகும் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். எண்பது குதிரைத்திறன் கார் கோடைக்கானல் ஏரிக் கரையில் அறுபத்தைந்து குதிரைத்திறன் காராக நிற்கிறது. பதினைந்து குதிரைகளைக் கட்டாரி வழியெங்கும் அவிழ்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறோம்!

லடாக்கில் உள்ள கர்துங் லா கணவாயைப் பார்த்தால் நம் கோடைக்கானல் ஒன்றுமேயில்லை. 5,359 மீட்டர் உயரமுள்ள அந்தச் சாலையில் காற்றின் அழுத்தம் கிட்டத்தட்டப் பாதிதான். அங்கே மனிதனுக்கும் தலை சுற்றுகிறது. மோட்டாருக்கும் தலை சுற்றுகிறது.

கார்ப்புரேட்டர் செய்த குழப்பம்

அம்பாஸிடரும் பியட்டும் ஆண்ட காலத்தில் மலை ஏறுவது ஒரு யாத்திரை. பலம் குறைந்தது மட்டும் அல்ல; கார்ப்புரேட்டர் என்ற சமையற்காரர் வேறு கணக்குத் தப்பிவிடுவார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுப்பது அவர் உத்தியோகம். காற்று மெலிந்தபோது பெட்ரோலையும் அதே விகிதத்தில் குறைக்க அவருக்குத் தெரியாது. கொஞ்சம்தான் குறைப்பார். 7,000 அடி உயரத்தில் பெட்ரோல் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்துவிடும். அரிசி குறைந்தும் உப்பைக் குறைக்காத பொங்கல் மாதிரி!

பின்பக்கம் கறுப்புப் புகை. ஸ்பார்க் பிளக்கில் கரி. வண்டி நின்றால் எஞ்சின் குலுங்கி அணைந்து போகும். மலை ஊர் மெக்கானிக்குகள் சிறிய துவாரமுள்ள ‘ஜெட்’டை மாட்டிக் கொடுப்பார்கள். ஆனால் அதே ஜெட்டோடு கீழே இறங்கி வந்து சமவெளியில் பறந்தால் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் சுட்டுப்போகும். மறுபடியும் மாற்ற வேண்டும்.

இன்னொரு தொல்லை, கொதிப்பது. ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் 7,000 அடி உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலை வாசஸ்தலத்தில் பருப்பு வேகவில்லையே என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களுக்கு இந்த ரகசியம் தெரியும். ராடியேட்டரிலும் அதே கதைதான். வழியில் பெட்ரோல் பம்பு சூடாகி, பெட்ரோல் ஆவியாகி, குழாய் அடைத்துக்கொண்டால் டிரைவர் ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார். பீடியைப் பெட்ரோல் பம்பிலிருந்து தள்ளி நின்று பற்றவைத்தால் நல்லது என்று யாராவது சொல்லத்தான் வேண்டியிருந்தது!

2014-இல் அம்பாஸிடர் உற்பத்தி நின்றது. அதற்கு வெகு முன்பே, 2000-ஆம் ஆண்டை ஒட்டி, புதுக் கார்களில் கார்ப்புரேட்டர் மறைந்து ‘பியூவல் இன்ஜெக்ஷன்’ வந்துவிட்டது. இப்போதைய காரில் காற்றின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவி, புகையை முகர்ந்து பார்க்க ஒரு கருவி, இரண்டையும் கேட்டுப் பெட்ரோலை அளந்து விட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கின்றன. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிகளுக்குத்தான் இன்னும் கார்ப்புரேட்டர் கவலை.

ஆனால் ஒன்று. கம்ப்யூட்டர் கலவையைச் சரி செய்யுமே தவிர, இல்லாத காற்றை உண்டாக்காது. அந்த ஐந்தில் ஒரு பங்கு நஷ்டம் இன்றைய சாதாரணக் காருக்கும் உண்டு.

நஷ்டத்தை ஈடுகட்ட ‘டர்போ’ என்ற சாதனம் இருக்கிறது. வெளியே போகிற புகையின் வேகத்தாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் சாதனம் அது. 1918-இல் அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்ற எஞ்சினீயர் ஆகாய விமான எஞ்சின் ஒன்றை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்ப் பரிசோதித்தார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், உச்சியில் 230 தான் கொடுத்தது. டர்போவை மாட்டியதும் 356 கொடுத்தது! இன்றைய டீசல் கார்களிலும் பல சின்னப் பெட்ரோல் கார்களிலும் அதே டர்போதான் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரக் காருக்கோ காற்றே வேண்டியதில்லை. அது கவலையில்லாமல் ஏறிவிடும்.

ஊரில் பழகியது மலையில் தெரியும்

இனி இரண்டாவது குற்றவாளியை விசாரிப்போம்.

மேல ராஜ வீதியில் காய்கறி வாங்கவும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும், மாலையில் கோயிலுக்குப் போகவும் காரை எடுக்கிறோம். ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. முழுச் சூடு ஏறாத எஞ்சினில் பெட்ரோல் அரைகுறையாக எரிகிறது, கரி படிகிறது, எண்ணெயில் ஈரம் சேர்ந்து பிசுபிசுப்பாகிறது. இப்படி ஓடும் வண்டியை வாரத்துக்கு ஒரு நாளாவது கீரனூர் வரைக்கும் திருச்சி ரோடில் ஓட்டிவிட்டு வருவது அதற்கு ஓர் எண்ணெய் ஸ்நானம்.

அடுத்தது கியர் சிக்கனம். “டாப் கியரில் போனால் பெட்ரோல் மிச்சம்” என்று யாரோ சொல்லி வைத்தார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்திலும் டாப் கியரை விடாமல் வண்டியை உதறவைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. எஞ்சின் ‘டக் டக்’ என்று தட்டும், அவருக்குக் கேட்காது. ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்!

மூன்றாவது, கிளச் பெடலின்மேல் எப்போதும் பாதத்தை வைத்திருக்கும் பழக்கம். அது கால் வைத்துக்கொள்ளும் மணை அல்ல. அரை மிதியில் கிளச் தட்டு உராய்ந்து தேய்கிறது.

நான்காவது, நம் செம்மண் புழுதி. காற்றை வடிகட்டும் ‘ஏர் பில்டர்’ புழுதியால் அடைத்துக்கொண்டால், எஞ்சின் ஊரிலேயே மூக்கடைத்த குழந்தை மாதிரிதான் மூச்சு விடும்.

இவ்வளவும் ஊரில் தெரியாது. ஏன் தெரியாது? சமதரையில் நாம் எஞ்சினின் முழுப் பலத்தைக் கேட்பதேயில்லை. ஐந்து பேர் ஏறிய கார் சமதரையில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போக மூன்று நான்கு குதிரைத்திறன் போதும். நூறடிக்கு ஆறடி உயரும் மலைப் பாதையில் அதே வேகத்தில் போகச் சுமார் பதினைந்து வேண்டும். ஏறக்குறைய நாலைந்து மடங்கு! ஏற்கெனவே காற்று மெலிந்தாயிற்று. அதற்குமேல் பில்டரில் புழுதி, பிளக்கில் கரி, தேய்ந்த கிளச். எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் கடனைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

ஏற்றத்தில் செய்யவேண்டியது சுலபம்தான். எஞ்சின் திணறுகிற வரையில் காத்திராமல், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம். எஞ்சின் கலகலவென்று சுற்றினால்தான் எண்ணெயும் தண்ணீரும் நன்றாக ஓடிச் சூட்டைத் தணிக்கும். தாழ்ந்த சுற்றில் அழுத்தி மிதிப்பதுதான் அதற்கு வதை. வண்டி வரிசையில் நிற்கும்போது அரைக் கிளச்சில் தாங்கிப் பிடிக்காமல் கைப் பிரேக்கைப் போடுங்கள். சூட்டு முள் ஏறினால் ‘ஏர் கண்டிஷ’னை நிறுத்துங்கள், மலைக் காற்று இலவசம்தானே! சூடான ராடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் பாயும். டர்போ கார் என்றால், ஏறி முடித்ததும் ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டுப் பிறகு சாவியைத் திருப்புங்கள்.

இறங்கும்போதுதான் கண்டம்

ஏறும்போது வண்டி நின்றால் மானம்தான் போகும். இறங்கும்போது நிற்காவிட்டால் உயிர் போகும்.

சின்னக் கணக்கு ஒன்று. ஆட்களும் சாமான்களும் ஏறிய கார் 1,400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானல் சுமார் 1,800 மீட்டர் உயரம். அவ்வளவு பாரத்தை அவ்வளவு உயரம் தூக்குவதற்கென்றே ஏறக்குறைய மூன்று லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். இறங்கும்போது அந்தச் சக்தி எங்கே போகும்? வெப்பமாகத்தான் மாறவேண்டும். எண்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது! டயர் உருள்வதிலும் காற்றைக் கிழிப்பதிலும் ஒரு பங்கு கழியும். மிச்சத்தை யார் தாங்குவது? எஞ்சின் தாங்கலாம், அல்லது பிரேக் தாங்கலாம். யாரிடம் கொடுப்பது என்பதை டிரைவர் தீர்மானிக்கிறார்.

எஜமானர் நியூட்ரலில் இறங்குகிறார். “பார்த்தாயா, ஒரு சொட்டுப் பெட்ரோல் செலவில்லை!” என்று பெருமை வேறு.

“என்னங்க, ஏதோ கருகுற வாடை வருதே?”

“வெளியில் எவனோ குப்பை கொளுத்துகிறான்.”

“இல்லை தம்பி, வண்டிக்குள்ளேதான் வருது” என்கிறாள் அப்பத்தா.

அப்பத்தா சொல்வதே சரி. பிரேக் கட்டைகள் பழுத்துவிட்டன. பழுத்த பிரேக்குக்குப் பிடிப்புக் குறையும். பிரேக் எண்ணெய் வருஷக் கணக்கில் மாற்றாமல் ஈரத்தை உறிஞ்சியிருந்தால் இன்னும் ஆபத்து. புதிய எண்ணெய் 200 டிகிரிக்கு மேலும் தாக்குப் பிடிக்கும். ஈரம் சேர்ந்ததோ 140, 150 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி தரையைத் தொடும், வண்டி நிற்காது. நீலகிரியில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி இறக்கத்தில் எத்தனையோ சமவெளி வண்டிகள் இப்படித்தான் பள்ளத்தைக் கண்டிருக்கின்றன. எழுபது வளைவு உள்ள கொல்லிமலைக்கு ஆடிப் பெருக்கின்போது போகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிக்கனம் என்பதும் இப்போது பொய்யாகிவிட்டது. இன்ஜெக்ஷன் காரைக் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கினால், கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுற்றுகின்றன; எஞ்சின் முட்டுக்கட்டையாக நின்று வண்டியைத் தடுக்கிறது. நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிறது! சாவியையே திருப்பி எஞ்சினை நிறுத்திவிடும் மகானுபாவர்களும் உண்டு. அவர்களுக்குப் பிரேக் உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும்.

ஆகவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பழைய டிரைவர்களின் இந்த வாக்கு பொன் போன்றது. செங்குத்தான வளைவில் இரண்டு. இன்னும் செங்குத்தானால் ஒன்று. தானாகக் கியர் மாற்றும் கார்களிலும் ‘எல்’ என்றோ, ‘எம்’ என்றோ ஓர் இடம் இருக்கும், அதற்குத் தள்ளிக்கொள்ளலாம். பிரேக்கின்மேல் காலை ஊன்றிக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். வாடை வந்தால் தாராளமான இடம் பார்த்து நிறுத்தி அரை மணி ஆறவிடுங்கள். டம் டம் பாறையில் நின்று எதிர் மலை அருவியைக் குழந்தைகளுக்குக் காட்டினால் அரை மணி போவதே தெரியாது. பழுத்த சக்கரத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். இரும்பு விரிசல் விடும். சக்கரத்துக்குக் கல் கொடுத்திருந்தால், புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். பின்னால் இருட்டில் வருகிறவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான்.

இன்னொரு மரியாதை. குறுகலான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். அது தயவு அல்ல. சாலை விதியே அப்படி. மெலிந்த காற்றில் மூச்சைப் பிடித்து ஏறி வருகிற வண்டியை நடு ஏற்றத்தில் நிறுத்தினால், அதை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புறப்படும் முன்

கோடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போகிற வண்டிகளுக்கு 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, இ-பாஸ் முறை ஏற்பட்டது. பாஸ் எடுக்க மறக்காத நாம் இன்னும் நாலு காரியத்தையும் மறக்காமல் செய்துவிட்டால் நல்லது. ஏர் பில்டரைத் தட்டியோ, மாற்றியோ சுத்தம் செய்வது. ராடியேட்டரில் குளிர்நீர் சரியாக இருக்கிறதா என்று எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்ப்பது. பிரேக் கட்டையையும் டயரையும் மெக்கானிக்கிடம் காட்டுவது. பிரேக் எண்ணெய் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் மாற்றிவிடுவது. எல்லாம் சேர்ந்து ஒரு காலைப் பொழுது வேலை.

கூடவே ஒரு சொல். காரில் ஓட்டுகிறவர் ஒருவர்; உட்கார்ந்திருப்பவர்கள் நாலு பேர். சத்தம் மாறினாலும், வாடை வந்தாலும் முதலில் உணர்கிறவர்கள் பெரும்பாலும் அந்த நாலு பேர்தான். அப்பத்தா மூக்கைச் சுளித்தால், எஜமானர் கௌரவம் பார்க்காமல் வண்டியை ஓரம் கட்டட்டும். புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட அதைவிட நல்ல சமயம் வேறு கிடையாது!